அரசுக் காப்பீட்டில் இடையீட்டுக் கதிரியல் மருத்துவரைத் தேடியபோது அறிந்தவை

என் அக்காவுக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு எனப்படும், புற்றுநோய் அல்லாத கட்டிகள் இருப்பது பல ஆண்டுகளாகவே எங்களுக்குத் தெரியும். மாதவிடாயின்போது ஏற்பட்ட மிகுதியான இரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இறங்கி, மாத்திரைகளாலும் இரும்புச்சத்து ஊசியாலும் அதை நிலைநிறுத்த முடியாமல் போனபோது, கருப்பையை அகற்றிவிடலாம் என்று மகளிர் நல மருத்துவர் கூறினார். அறுவை சிகிச்சை இல்லாமல் வேறு வழி உண்டா என்று அக்கா கேட்டார். கட்டிகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் என்ற சிகிச்சை உண்டு என்றும், அதை இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் எனப்படும் இடையீட்டுக் கதிரியல் மருத்துவரே செய்வார் என்றும் சொன்ன அவர், அக்காவிடம் இருந்த அரசு மருத்துவக் காப்பீட்டில் அதைச் செய்பவர் யார் என்பது தமக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதன் பிறகு நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இந்தத் துறையின் இயல்பைச் சற்று அறிந்துகொண்டால், இம்மருத்துவர்களைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது விளங்கும். நாம் பெரும்பாலும் உறுப்பை வைத்தே மருத்துவரைத் தேடுகிறோம். இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்பதுதான் நமக்குப் பழகிய கணக்கு. இடையீட்டுக் கதிரியல் மருத்துவருக்கோ தனியாக ஓர் உறுப்பு கிடையாது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஆகியவை காட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டே, ஊசி நுழையும் அளவுள்ள துளை வழியாக கத்தீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் செலுத்தி உடலின் பல பகுதிகளிலும் அவர் சிகிச்சை செய்கிறார். கல்லீரல் புற்றுக்கட்டிக்குச் செல்லும் தமனி வழியாக மருந்தைச் செலுத்தி அதை அடைப்பது, டயாலிசிஸ் நோயாளியின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா சுருங்கினால் பலூன் கொண்டு விரிப்பது, பித்தநாள அடைப்புக்கு வடிகுழாய் பொருத்துவது, வயிற்றுக்குள் சேர்ந்த சீழை வெளியேற்றுவது ஆகிய அனைத்தும் அவருடைய பணிகளே.

இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தது, இரத்தக்குழாய்க்குள் கத்தீட்டரைப் பாதுகாப்பாகச் செலுத்துவதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட முறை. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியல் மருத்துவர், காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பை 1964 ஜனவரி 16 அன்று கத்தீட்டரால் விரித்துக் கொடுத்தார். அந்த அம்மையாரின் கால் காப்பாற்றப்பட்டது. கத்தியைத் தவிர்க்க முடியுமா என்று ஒரு நோயாளி கேட்டதற்கான பதிலாகவே இத்துறை வளர்ந்தது என்பதால், என் அக்காவின் கேள்வி எனக்கு ஒருபோதும் மிகையான ஆசையாகத் தோன்றவில்லை.

ஃபைப்ராய்டு சிகிச்சைக்கும் இதேபோன்ற ஒரு வரலாறு உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த மகளிர் நல மருத்துவர் ரவினாவும் அவருடைய குழுவினரும், அறுவை சிகிச்சையின்போது இரத்த இழப்பைக் குறைப்பதற்காக முன்கூட்டியே கருப்பைத் தமனிகளை அடைத்துவந்தார்கள். அப்படி அடைக்கப்பட்ட பெண்களில் பலருக்குத் தொந்தரவுகள் தணிந்து, அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போனதைக் கண்டு, அதையே தனிச் சிகிச்சையாக 1995-இல் வெளியிட்டார்கள். ஆகவே இது நேற்று முளைத்த சோதனை முயற்சி அன்று. காப்பீட்டு அலுவலகத்தில் யாராவது 'இது புதிய முறை, திட்டத்தில் இருக்காது' என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை இறுதி பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலைத் திறந்து 'கதிரியல்' என்ற தலைப்பில் தேடினால் வருபவை பெரும்பாலும் ஸ்கேன் மையங்களே. அவற்றில் சிலவற்றைத் தொலைபேசியில் அழைத்தபோது, 'அட்டையை ஏற்கிறோம், வாருங்கள்' என்று உடனே சொன்னார்கள். ஸ்கேன் எடுப்பதற்கு ஏற்கிறார்கள் என்பதே அதன் பொருள். 'மகளிர் நலம்' என்ற தலைப்பில் தேடினாலோ, கருப்பையை அகற்றும் மருத்துவமனைகள் வரிசையாக வருகின்றன; எம்போலைசேஷன் செய்யும் இடம் எது என்பதற்கு அங்கும் குறிப்பு இல்லை. நோய் ஒரு துறையிலும், அதற்குச் சிகிச்சை செய்பவர் வேறொரு துறையிலும் இருப்பதால், அந்த மருத்துவர் இரண்டு பட்டியல்களிலும் கண்ணில் படாமல் போகிறார்.

இந்தத் தேடலில் எங்களுக்குத் திருப்புமுனையாக அமைந்தது ஒரு பெரிய மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஊழியர் சொன்ன சொல். இடையீட்டுக் கதிரியல் மருத்துவர் யாராவது காப்பீட்டில் பார்க்கிறாரா என்று நான் கேட்டதும், அவர் கணினித் திரையிலிருந்து தலையை நிமிர்த்தி, "சார், டாக்டரை வச்சுத் தேடாதீங்க. என்ன ப்ரொசீஜர்னு சொல்லுங்க, அதை வச்சுத்தான் எங்களால பார்க்க முடியும்" என்றார். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிகிச்சையின் முழுப் பெயரை நான் காட்டிய பிறகு, வேறொரு பட்டியலைத் திறந்து, அந்தச் சிகிச்சைக்கு உரிய குறியீட்டையும், அது எந்தத் துறையின்கீழ் வருகிறது என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுத் தாள் கைக்கு வந்த பிறகு, மற்ற மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்ட கேள்வியும் மாறியது, கிடைத்த பதிலும் மாறியது. காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது சிகிச்சையின் பெயரும் மருத்துவமனையின் பெயரும்தான். மருத்துவரைத் தேடுவதற்குப் பதிலாகச் சிகிச்சையைத் தேடினால், மருத்துவர் தாமாகவே கிடைத்துவிடுவார் என்பதே நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி.

காப்பீட்டை ஏற்பது என்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. மருத்துவமனை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பது முதலாவது. சேர்ந்திருந்தாலும், குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பது இரண்டாவது; ஏனெனில் ஒரு மருத்துவமனை பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் மட்டும் சேர்ந்திருந்து, மற்றவற்றுக்குச் சேராமல் இருக்கலாம். மருத்துவர்கள் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டிய திட்டங்களில், அந்த மருத்துவரும் பதிவு செய்திருக்கிறாரா என்பது மூன்றாவது. மருத்துவமனை திட்டத்தில் இருந்து, மருத்துவர் இல்லாதிருந்தால், அறைக்கும் உபகரணங்களுக்கும் காப்பீடு பணம் செலுத்தியபின், மருத்துவரின் கட்டணம் தனியாக உங்கள் வீட்டுக்கு வந்து சேரக்கூடும். வரவேற்பறையில் இருப்பவர்கள் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே, 'இந்தப் பெயருள்ள சிகிச்சையை இந்தத் திட்டத்தில் இங்கே செய்கிறீர்களா, அண்மையில் யாருக்காவது செய்திருக்கிறீர்களா, செய்பவர் யார், அவர் எந்த நாள்களில் இருப்பார்' என்று காப்பீட்டுப் பிரிவிடமோ கதிரியல் துறை அலுவலகத்திடமோ நேரடியாகக் கேட்பதே பயன் தரும். அண்மையில் செய்திருக்கிறார்களா என்ற கேள்வியை விட்டுவிட வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தும், நடைமுறையில் அந்தச் சிகிச்சையைச் செய்யாத இடங்கள் உண்டு.

எங்கே தேடுவது என்பதற்கும் சில தடயங்கள் இருக்கின்றன. இச்சிகிச்சைக்கு, இரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் தொடர்ந்து படம்பிடித்துக் காட்டும் ஆஞ்சியோ கருவி தேவை. அது விலை உயர்ந்த கருவி என்பதால், மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனைகள், புற்றுநோய் மையங்கள், கல்லீரல் மாற்று சிகிச்சை நடைபெறும் இடங்கள், விபத்துக் காயங்களுக்கு இரவு பகலாகச் சிகிச்சை அளிக்கும் பெரிய மருத்துவமனைகள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் இருக்கும். பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கை நிறுத்தவும் இதே கருப்பைத் தமனிகளைத்தான் அடைக்கிறார்கள். ஆகவே, சிக்கலான பிரசவங்களைக் கையாளும் மருத்துவமனையில் அந்த அவசரச் சிகிச்சை நடக்கிறதா என்று விசாரித்தால், ஃபைப்ராய்டுக்கான திறனும் அங்கே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விளம்பரப் பலகைகளை நம்பித் தேடுவதைவிட இது மேலானது.

எங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான தகவல் ஒரு டயாலிசிஸ் பிரிவின் செவிலியரிடமிருந்து வந்தது. ஃபிஸ்டுலா அடைபடும் நோயாளிகளை அவர்கள் தொடர்ந்து இடையீட்டுக் கதிரியல் மருத்துவரிடம் அனுப்பிக்கொண்டே இருப்பதாலும், டயாலிசிஸ் நோயாளிகளில் பலர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள் என்பதாலும், எந்த மருத்துவமனையில் காப்பீட்டு அனுமதி தாமதமின்றிக் கிடைக்கிறது, எந்த மருத்துவர் நோயாளியிடம் பொறுமையாகப் பேசுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்தது. உங்களுக்குத் தெரிந்தவர்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரோ இருந்தால், அவர்களிடம் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறொரு மருத்துவர் அனுப்பாமல் இம்மருத்துவரை நேரடியாகப் பார்த்தால் காப்பீடு செல்லாமல் போகலாம். எங்களிடம் முதலில் இருந்த கடிதத்தில் 'கதிரியல் துறைக்கு அனுப்பப்படுகிறார்' என்ற ஒரே வரி மட்டும் இருந்ததால், அதைப் பார்த்த எல்லோரும் அக்காவை ஸ்கேன் அறைக்கே அனுப்பினார்கள். பின்னர் மகளிர் நல மருத்துவர், நோயின் பெயர், இரத்தப்போக்கின் அளவு, ஹீமோகுளோபின் அளவுகள், இதுவரை கொடுத்த மருந்துகள், எம்போலைசேஷனுக்குத் தகுதி உண்டா என்று ஆராய வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய அனைத்தையும் எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவையும் கருப்பை உட்சுவர் திசுப் பரிசோதனையின் முடிவையும் உடன் இணைத்தார். புற்றுநோய் சந்தேகம் இருந்தாலோ, கர்ப்பம் இருந்தாலோ, இடுப்புப் பகுதியில் நோய்த்தொற்று இருந்தாலோ இச்சிகிச்சையைச் செய்ய மாட்டார்கள் என்பதால், அந்த முடிவுகள் இல்லாமல் போனால் திரும்பி வரத்தான் வேண்டியிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் எழுத்து அறிக்கை மட்டும் போதாது. படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவமனையில் எடுத்த படம் இன்னொரு மருத்துவமனையின் கணினியில் தெரியாது என்பதையும், அதே ஸ்கேனைக் குறுகிய காலத்தில் மீண்டும் எடுக்கக் காப்பீடு எளிதில் ஒப்புக்கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவழியாக நாங்கள் சந்தித்த மருத்துவர் அந்த டிஸ்க்கைத் திறந்து, திரையை அக்காவின் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டியாகச் சுட்டிக்காட்டினார். கருப்பையின் சுவருக்குள் இருக்கும் பெரிய கட்டிக்கு நல்ல இரத்த ஓட்டம் இருப்பதால் அது சுருங்கும் வாய்ப்பு அதிகம் என்றும், ஏற்கெனவே இரத்த ஓட்டம் நின்றுபோன ஒரு சிறிய கட்டியில் எம்போலைசேஷனால் பலன் இருக்காது என்றும் விளக்கினார். மணிக்கட்டிலோ தொடையின் மேற்பகுதியிலோ உள்ள தமனி வழியாகக் கத்தீட்டர் செல்லும் என்றும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்ணிய துகள்களைச் செலுத்தி இரு பக்கத்துத் தமனிகளையும் அடைப்பார்கள் என்றும், முதல் நாள் வலி கடுமையாகவே இருக்கும் என்றும் சொன்னார். வலியைப் பற்றி அவர் மழுப்பாமல் பேசியது அக்காவுக்கு அச்சத்தைத் தரவில்லை, நம்பிக்கையையே தந்தது.

அவர் இன்னொன்றையும் சொன்னார். இச்சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் மீண்டும் சிகிச்சை தேவைப்படும். எம்போலைசேஷனையும் கருப்பை அகற்றுதலையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடந்த எம்மி ஆய்வில், எம்போலைசேஷன் பெற்றவர்களில் 10 ஆண்டுகளுக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கருப்பையை அகற்றாமலே இருந்தார்கள் என்றால், மூன்றில் ஒரு பங்கினர் அகற்ற நேர்ந்தது என்பதும் அதன் மறுபக்கம். குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணாக இருந்தால், கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சையையும் சேர்த்து ஆராய்ந்திருப்பேன் என்றும் அவர் கூறினார். காப்பீட்டை ஏற்பவர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதியில் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், சிக்கல் வந்தால் மகளிர் நல மருத்துவர் உடன் இருப்பாரா, இது எனக்கு ஏற்ற சிகிச்சைதானா என்று கேட்பதற்குக் காப்பீட்டு நோயாளிக்கும் முழு உரிமை உண்டு. பணம் கட்டிப் பார்ப்பவருக்கு ஒரு விளக்கம், அட்டை காட்டுபவருக்கு ஒரு விளக்கம் என்று இருப்பதை நாம் ஏற்றுக்கொள்ளவே கூடாது.

அடுத்தது, சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டிடம் பெற வேண்டிய முன் அனுமதி. எங்கள் விண்ணப்பம் முதல் முறை நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக் குறிப்பில், 'நோயறியும் பரிசோதனை; உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை' என்று எழுதியிருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியவர் சிகிச்சையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஆஞ்சியோகிராம் என்று மட்டும் எழுதியிருக்கிறார். எம்போலைசேஷனின் முதல் கட்டம் ஆஞ்சியோகிராம் என்பதால் அது முற்றிலும் தவறும் அன்று. ஆனால் காப்பீட்டு அலுவலகத்தில் அதைப் படித்தவருக்கு, படம் எடுப்பதற்காக ஒருவரை இரவு தங்கவைக்க அனுமதி கேட்பதாகவே தோன்றியிருக்கிறது. கதிரியல் என்றாலே பரிசோதனை என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால், இந்தத் துறை சார்ந்த விண்ணப்பங்களில் இது எளிதில் நேரக்கூடியது. நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். அது மருத்துவக் காரணமாக இல்லாமல், எங்களுக்கு நேர்ந்ததுபோல் ஆவணக் குறையாகவே இருக்கலாம். எங்கள் மருத்துவர், இது சிகிச்சையே என்பதையும், இரத்தசோகையின் தீவிரத்தையும், மருந்துகள் பலனளிக்காததையும், வலி நிவாரணத்துக்காக மருத்துவமனையில் தங்குவது அவசியம் என்பதையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, சரியான குறியீட்டுடன் மீண்டும் அனுப்பினார். இரண்டாம் முறை அனுமதி வந்தது. மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு உண்டு என்பதால், நிராகரிப்பு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு உடனே செயல்பட வேண்டும்.

அனுமதிக் கடிதம் கிடைத்ததும், அதில் எவையெல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதை வரிக்கு வரி படியுங்கள். தமனியை அடைக்கும் துகள்கள், மைக்ரோ கத்தீட்டர், சில சிகிச்சைகளில் இரத்தக்குழாயை அடைக்கப் பயன்படும் காயில் என்ற கம்பிச்சுருள், குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் ஆகியவற்றின் விலை மொத்தச் செலவில் பெரும் பங்கு வகிக்கும். மொத்தத் தொகையாக அனுமதி தரும் திட்டங்களில் இவையும் அதற்குள் சேர்ந்திருக்க வேண்டும். 'துகள்களை மட்டும் வெளியே வாங்கிவாருங்கள்' என்று யாராவது சொன்னால், அது திட்ட விதிகளுக்கு உட்பட்டதுதானா என்று காப்பீட்டின் உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், வலிக்கான பம்ப், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்கள் திட்டத்துக்குள் இச்சிகிச்சையைச் செய்பவர் எட்டக்கூடிய தூரத்தில் எவரும் இல்லை என்று உறுதியானால், அத்துடன் கைவிட வேண்டாம். எந்தெந்த மருத்துவமனைகளைக் கேட்டீர்கள், யார் என்ன பதில் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்ற விவரங்களுடன், திட்டத்துக்கு வெளியே உள்ள மருத்துவமனையில் சிகிச்சை பெறச் சிறப்பு அனுமதி கோரி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். எல்லாத் திட்டங்களும் இதை ஏற்பதில்லை என்றாலும், ஏற்கும் திட்டங்களில்கூட வாய்மொழியாகக் கேட்பவர்களுக்கு 'முடியாது' என்ற பதிலே கிடைக்கிறது. நாங்கள் ஒவ்வோர் அழைப்பின்போதும் பேசியவரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதும்போது அந்த நோட்டுதான் எங்களுக்குச் சான்றாக நின்றது.

சிகிச்சைக்குப் பின்வரும் நாள்களையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அக்காவுக்கு முதல் நாள் கடும் வலியும், அதன் பிறகு சில நாள்கள் இலேசான காய்ச்சலும் சோர்வும் இருந்தன. இறந்த திசுவுக்கு உடல் காட்டும் எதிர்வினை என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் காய்ச்சல் தணிந்து மீண்டும் ஏறினாலோ, துர்நாற்றத்துடன் கசிவு ஏற்பட்டாலோ, வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நோய்த்தொற்று அரிதாக ஏற்பட்டாலும் ஆபத்தானது. அப்போது யாரை அழைப்பது, கதிரியல் துறையையா, மகளிர் நலத் துறையையா என்பதை டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டு, தொலைபேசி எண்ணை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இரவில் அவசரப் பிரிவுக்குச் சென்றால், அங்கிருக்கும் பணி மருத்துவர் இச்சிகிச்சையைப் பார்த்தே இராதவராக இருக்கலாம்; அந்தத் தாள் கையில் இருந்தால் அவருக்கும் உதவும். சிக்கலுக்காக மீண்டும் சேர நேர்ந்தால் அது பழைய அனுமதிக்குள் அடங்குமா, புதிய அனுமதி வேண்டுமா என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். சில மாதங்கள் கழித்துக் கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க எடுக்கும் எம்.ஆர்.ஐ., எங்களுக்குக் கிடைத்த அனுமதியில் சேர்க்கப்படவில்லை. அதற்கான விண்ணப்பத்தை டிஸ்சார்ஜ் அன்றே காப்பீட்டுப் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தோம்.